ஸ்போர்ட்ஸ் டூரர் வாங்கப் போகிறீர்களா? டெஸ்ட் ரைடு பற்றிய கேள்விகளும் பதில்களும்

வேகமும் நீண்ட பயணத்துக்கான சௌகரியமும் சேர்ந்த பைக்குகளைத்தான் ஸ்போர்ட்ஸ் டூரர் என்கிறோம். கவாஸாகியின் நின்ஜா 650, வெர்சிஸ் 650, நின்ஜா 1100 எஸ்எக்ஸ், சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்-8ஆர், ட்ரையம்ஃபின் டைகர் ஸ்போர்ட் 660 எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் டைகர் ஸ்போர்ட்டை எடுத்தேன். அதைச் சொன்ன நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். நான் சென்னைவாசி. பெரும்பாலும் மனைவியோடு ஊருக்கும் மலைக்கும் போகிறவன். என் தேர்வு அந்தத் தேவையை ஒட்டியது. தனியாகவே ஓட்டுகிறவருக்கு விடை வேறாக இருக்கலாம்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, 136 குதிரைத்திறன் இருக்கிற 1100-ஐ ஓட்டிட்டு வந்து 81 இருக்கிறதை எப்படி எடுத்தீங்க? மனசு கேட்டுச்சா?

1100 எஸ்எக்ஸ் அருமையான வண்டி தம்பி, அதில் இரண்டு கருத்தே இல்லை. 1,099 சிசி, 113 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை விசை. ஆறாவது கியரில் போகும்போது முன்னால் லாரி வந்தால் கியரைக் குறைக்கவே வேண்டாம், கையைத் திருப்பினால் போதும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். முந்தைய 1000 எஸ்எக்ஸில் 142 குதிரைத்திறன் இருந்தது. புதியதில் அதைக் குறைத்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவையைக் கூட்டியிருக்கிறார்கள். டூரிங்குக்கு அது சரியான முடிவு.

ஆனால் நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகமே 80 கிலோமீட்டர். நமக்கு நிஜமாகத் தேவைப்படும் பலம், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க 60-லிருந்து 80-க்குத் தயங்காமல் போகிற பலம். அது மேலே சொன்ன எல்லா வண்டியிலும் தாராளமாக இருக்கிறது. மிச்சமுள்ள குதிரைத்திறனுக்கு நான் பணம் கொடுத்து, 238 கிலோவை அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். டைகர் 206 கிலோ. அந்த 32 கிலோ நெடுஞ்சாலையில் தெரியாது. சரிவான இடத்தில் நிறுத்தி, வண்டியைப் பின்னால் தள்ளும்போது தெரியும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பின்சீட்தான். ஸ்போர்ட்ஸ் வடிவ வண்டிகளில் பின்சீட் உயரமாகவும் சின்னதாகவும் இருக்கும், கால் வைக்கும் பெக் மேலே இருக்கும். பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவர் நம் முதுகில் வந்து விழுவார். மனைவியை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தபோது, முட்டி மடங்காமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் நிம்மதியாகப் பேசிக்கொண்டு வந்தது டைகரில்தான். மூன்று சிலிண்டர் இன்ஜின் எனக்குப் பிடித்துப் போனது இன்னொரு காரணம். இரட்டை சிலிண்டரின் கீழ் இழுவையும் நான்கு சிலிண்டரின் வழுவழுப்பும் அதில் ஓரளவுக்குச் சேர்ந்தே கிடைக்கின்றன.

விழுப்புரத்திலிருந்து: சார், ஷோரூம்ல பத்து நிமிஷம்தான் தர்றாங்க. பக்கத்துல ஒரு ஆளும் வர்றார். அதுக்குள்ள என்னத்தப் பார்க்கிறது?

எல்லோருக்கும் இருக்கிற பிரச்சினை இது. பத்து நிமிடத்திலும் நிறையப் பார்க்கலாம், வேகமாக ஓட்டுவதில் அதை வீணாக்காமல் இருந்தால்.

முதலில், வார நாளில் காலை கடை திறந்ததும் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. உங்கள் ஹெல்மெட், ஜாக்கெட், ரைடிங் ஷூ எல்லாம் உங்களுடையதாகவே இருக்கட்டும். செருப்புக் காலோடு பார்த்த சீட் உயரம் உண்மையான உயரம் இல்லை.

வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். ஸ்டாண்டில் நிற்கும்போது, அல்லது ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு காலையும் பெக்கில் வைத்து ஐந்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். இந்த நேரத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா, அல்லது உடம்பின் எடை மொத்தமும் உள்ளங்கையில் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துப் பாருங்கள். முன்னால் சாயாமல் இடுப்பு தாங்குகிறது என்றால், மதுரை வரை மணிக்கட்டு தாங்கும்.

கிளம்பியதும் முதலில் மெதுவாக ஒரு யூ-டர்ன். பிறகு இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டரில் ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டுத் திருகுங்கள். வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறதா? மலையில் கொண்டை ஊசி வளைவில் அதே வெட்டு பயமுறுத்தும். நல்ல சாலையைத் தேடிப் போகாதீர்கள், தோண்டிப் போட்ட தெருவும் ஸ்பீட் பிரேக்கரும் இருக்கிற வழியாகவே போங்கள்.

நேர் சாலை கிடைத்ததும் 80-ல் வையுங்கள். இடது கையை விண்ட்ஸ்கிரீனின் மேல் விளிம்புக்குப் பின்னால் கொஞ்சம் உயர்த்தினால், காற்று எந்த உயரத்தில் வந்து அடிக்கிறது என்று உள்ளங்கையில் தெரியும். பிறகு சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து, கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஏதோ ஒரு உயரத்தில் ஹெல்மெட்டின் உறுமல் சட்டென்று அடங்கும். அந்த இடம் நீங்கள் இயல்பாக உட்காரும் உயரத்தில் இருந்தால் நல்லது. இல்லையென்றால், விண்ட்ஸ்கிரீனை ஏற்றி இறக்கி அங்கே கொண்டுவர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஓட்டுகிறவரைச் சோர்வடையச் செய்வது வேகத்தைவிட இந்தக் காற்றுச் சத்தம்தான். அதே வேகத்தில் கண்ணாடியையும் பாருங்கள். பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரிகிறதா, எல்லாம் அதிர்ந்து கலங்கித் தெரிகிறதா?

திரும்பி வரும்போது ஒரு சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை நில்லுங்கள். சூடு எந்தக் காலில் விழுகிறது என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

முக்கியமான விஷயம், ஷோரூம் ஏசிக்குள் உட்கார்ந்து முடிவு எடுக்காதீர்கள். டீக்கடைக்குப் போய் மணிக்கட்டு, முட்டி, கழுத்து, முதுகு எப்படி இருந்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வண்டியையும் முடிந்தவரை இதே சாலையில், இதே நேரத்தில் ஓட்டுங்கள்.

கோவையிலிருந்து: நின்ஜா 650, வெர்சிஸ் 650 ரெண்டுக்கும் ஒரே இன்ஜின்தானுங்க. அப்புறம் எதுக்கு ரெண்டையும் ஓட்டிப் பார்க்கணும்?

இன்ஜின் ஒன்றுதான், 649 சிசி இரட்டை சிலிண்டர். மற்ற எல்லாமே வேறுங்க. நின்ஜாவின் சீட் உயரம் 790 மில்லிமீட்டர், வெர்சிஸில் 845. நின்ஜாவின் டேங்க் 15 லிட்டர், வெர்சிஸில் 21. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி 130 மில்லிமீட்டர், வெர்சிஸில் 170. எடை 196 கிலோ, வெர்சிஸில் 219. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தாலே, வெர்சிஸ் சென்னையிலிருந்து கோவைக்குப் பெரும்பகுதி தூரத்தைப் பெட்ரோல் பங்க் பார்க்காமல் கடந்துவிடும்.

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வெர்சிஸின் அகலமான ஹேண்டில்பார் எவ்வளவு உதவி என்பது ஓட்டினால்தான் புரியும். தனியாளாக, நல்ல சாலைகளில் விரட்டி ஓட்டுகிறவருக்கு நின்ஜாவின் தாழ்வான உடல்வாகுதான் பிடிக்கும். கால் எட்டுகிறவராக இருந்து, குடும்பத்தோடும் போகிறவர் என்றால், நான் வெர்சிஸைத்தான் சொல்வேன்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: என் உயரம் 5 அடி 2 அங்குலம். டூரிங் வண்டி எல்லாமே எனக்கு உயரமாத்தான் இருக்கு. தாழ்த்தித் தர்றோம்னு சொல்றாங்க, பண்ணலாமா அண்ணா?

அவசரப்பட்டுத் தாழ்த்த வேண்டாம்மா. விவரப் பட்டியலில் இருக்கிற சீட் உயரம் பாதிக் கதைதான். சீட்டின் முன்பக்கம் குறுகலாக இருந்தால் 810 மில்லிமீட்டரிலும் கால் நன்றாக எட்டும். அகலமாக இருந்தால் 790-லும் எட்டாது. இரண்டு பாதமும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பக்கம் லேசாக நகர்ந்து உட்கார்ந்து, இடது கால் ஒன்று உறுதியாக நின்றால் போதும், வலது கால் பிரேக்கில் இருக்கும்.

நின்ஜா 650-ஐ முதலில் பாருங்கள். அடுத்து ஜிஎஸ்எக்ஸ்-8ஆர், அதன் சீட் 810, எடை 205 கிலோ. லிங்கை, அதாவது பின் சஸ்பென்ஷனை இணைக்கும் பாகத்தை, மாற்றிப் பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் வண்டியின் சாய்வுக் கோணமே மாறும், சைடு ஸ்டாண்டும் தகராறு செய்யும். முதலில் நிறுவனமே தரும் தாழ்ந்த சீட் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் போதவில்லை என்றால் லிங்க் பற்றி யோசிக்கலாம்.

மதுரவாயலிலிருந்து: டெஸ்ட் ரைடுல ஒரு வண்டி கல்லு மாதிரி தூக்கிப் போட்டுச்சு. அதனால வேண்டாம்னு விட்டுட்டேன். சரியா?

ஒருவேளை வண்டியின் தவறாக இல்லாமலும் இருக்கலாம். ஷோரூம் வண்டியில் டயர் காற்று எவ்வளவு என்று பார்த்தீர்களா? கூடுதலாக அடித்து வைத்திருந்தால் எந்த வண்டியும் அப்படித்தான் போகும். அடுத்தது ப்ரீலோடு, அதாவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறது என்பது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்க வேண்டும். 150 மில்லிமீட்டர் பயணம் உள்ள வண்டி என்றால் 45 மில்லிமீட்டர். இன்ச் டேப் ஒன்றும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் போதும், அளந்துவிடலாம். உங்கள் எடைக்கு ப்ரீலோடைச் சரிசெய்யச் சொல்லி, இன்னொரு முறை ஓட்டுங்கள். வெர்சிஸிலும் டைகர் ஸ்போர்ட்டிலும் இதைக் கையாலேயே திருகி மாற்றலாம். ஆள் ஏறி இறங்குகிற வண்டிக்கு அது பெரிய வசதி.

பெங்களூரிலிருந்து: குரூஸ் கன்ட்ரோல், குவிக்‌ஷிஃப்டர், கார்னரிங் ஏபிஎஸ். இதுல எதுக்குப் பணம் கொடுக்கலாம்?

வளைவில் சாய்ந்திருக்கும்போதும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் கார்னரிங் ஏபிஎஸ்ஸுக்குக் கொடுங்கள். மழையில் மலை இறங்கும்போது, வளைவுக்குள் பிரேக் பிடிக்க வேண்டிய நிலை யாருக்கும் வரும். குவிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவுவது) பழகிவிட்டால் சுகம், இல்லாவிட்டாலும் குறையில்லை. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் நம் பக்கத்துக்கு அவ்வளவு உதவாது. குறுக்கே ஆளும் மாடும் வருகிற சாலையில் விரல் பிரேக்கில்தான் இருக்க வேண்டும். உங்கள் ஊர் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையிலோ 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கே அனுமதி இல்லை.

ஓசூரிலிருந்து: பட்ஜெட் கம்மி அண்ணா. இதுதான் முதல் டூரிங் வண்டி. 650-க்குக் கடன் வாங்கிப் போகலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் ஊரிலேயே தயாராகிற அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ ஓட்டிப் பாருங்கள். 312 சிசி, 174 கிலோ, மிச்சலின் ரோடு 5 டயர், நெடுஞ்சாலைக்குத் தேவையான வேகம் எல்லாம் இருக்கிறது. டேங்க் 11 லிட்டர்தான், அதற்கேற்ப பங்க்குகளைத் திட்டமிட வேண்டும். வரியும் உங்கள் பக்கம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, ஷூ எல்லாம் வாங்கலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் இதில் நிதானமாக ஓட்டப் பழகியவர், பிறகு பெரிய வண்டியில் ஏறினால் அதன் பலத்தைச் சரியாகப் பயன்படுத்துவார்.

சேலத்திலிருந்து: பாக்ஸ் மாட்டினா வண்டி ஆடுதுன்னு சொல்றாங்களே?

பின்சீட்டுக்குப் பின்னால் மாட்டும் சாமான் பெட்டியான டாப் பாக்ஸில் கனமானதை வைத்தால் ஆடும். பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் எடை ஏறுவதால் முன்சக்கரம் லேசாகிவிடும். செயினுக்கு அடிக்கும் எண்ணெய், டூல்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் பக்கப் பெட்டிகளின் அடியில் போகட்டும். மேலே மழைக்கோட்டும் துணியும் மட்டும். எடை ஏறியதும் ப்ரீலோடையும் பின் டயர் காற்றையும் கையேட்டில் சொன்னபடி கூட்டுங்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து: பழைய 1000 எஸ்எக்ஸ் ஒண்ணு நல்ல விலைக்கு வருது சார். போலாமா?

வண்டி வகை நல்லதுதான், தாராளமாகப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் தட்டி நின்றால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் ஹெட் பேரிங் போய்விட்டது. செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் செயின் செட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் அவ்வளவு பழைய டயரில் மலை ஏற வேண்டாம், புது ஜோடியின் விலையைப் பேரத்தில் கழியுங்கள். அளவு முன்னால் 120/70-17, பின்னால் 190/50-17. வேறு மாநிலப் பதிவு என்றால் அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி (தடையில்லாச் சான்று) கைக்கு வந்த பிறகே மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.