உம்ராவுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் டிராவல்ஸ்: எங்கே புகார் செய்வது?

கேள்வி: திருநெல்வேலி மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். 67 வயதான என் உம்மா, மனைவி, நான் என மூன்று பேரும் உம்ரா போவதற்காக, எங்கள் தெருக்காரர் ஒருவர் மூலம் சென்னை டிராவல்ஸ் ஒன்றில் ஆளுக்கு 95,000 வீதம் 2,85,000 ரூபாய் கட்டினோம். 2 லட்சத்தை வங்கியில் போட்டேன், மீதியைக் கையில் கொடுத்தேன். ஜனவரி 20 புறப்பாடு என்றார்கள். மூன்று முறை தேதி மாறிவிட்டது. இப்போது ‘விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது, பணம் ரிட்டர்ன் கிடையாது, ஆளுக்கு 12,000 கட்டினால் அடுத்த பேட்சில் அனுப்புகிறோம்’ என்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டால் ‘ஸ்டாம்பிங் போயிருக்கு’ என்கிறார்கள். எங்களைப் போல இன்னும் 14 பேர் இருக்கிறார்கள். நிய்யத் (இறைவனுக்காகச் செய்கிறோம் என்ற மனதின் எண்ணம்) வைத்துக் கட்டிய பணத்துக்காகக் கோர்ட், கேஸ் என்று அலையலாமா என்று உம்மா தயங்குகிறார். என்ன செய்யலாம்?

பதில்: உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நிய்யத் அவருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. டிராவல்ஸ் உங்களுக்கு விற்றது விமான டிக்கெட், விசா வேலை, ஹோட்டல் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. காசு வாங்கிக்கொண்டு செய்து தருவதாக ஒப்புக்கொண்ட சேவை அது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதற்கு முழுமையாகப் பொருந்தும். புனிதப் பயணம் என்ற கூச்சத்தால் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நம்பித்தான் சிலர் இந்தத் தொழிலையே நடத்துகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய டிக்கெட் நகலைப் பார்த்தேன். மூன்று பெயர்களும் இருக்கின்றன, ஆறெழுத்து பிஎன்ஆர் இருக்கிறது. ஆனால் டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடம் காலி. பணம் கட்டி எடுத்த டிக்கெட் என்றால் பெரும்பாலான விமானக் கம்பெனிகளில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் 13 இலக்க எண் வந்திருக்கும். அது இல்லையென்றால், பணம் கட்டாமல் சீட்டைச் சில நாள் ‘ஹோல்ட்’ (பிடித்து வைத்தல்) போட்டு, அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்றே சந்தேகிக்க வேண்டும். விமானக் கம்பெனிக்கு மெயில் அனுப்பி, இந்த பிஎன்ஆரில் டிக்கெட் எடுக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘ஸ்டாம்பிங்’ கதையும் இப்படித்தான். உம்ரா விசா இப்போது மின்னணு விசா. பாஸ்போர்ட்டில் ஒட்டுவதோ முத்திரை குத்துவதோ கிடையாது. விசா நிராகரிக்கப்பட்டது உண்மையானால் அதற்கான ஆதாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும், ரசீதோடு நிரூபிக்கும் செலவைத்தான் கழிக்கலாம். மொத்தப் பணத்தையும் விழுங்க முடியாது.

இந்த இரண்டு விஷயங்களையும் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வெறும் தாமதத்துக்குப் போலீஸில் போனால் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்புவார்கள். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். எடுக்காத டிக்கெட்டை எடுத்ததாகக் காட்டியது உறுதியானால், அதுவே வலுவான சான்று. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) மோசடி, 316(2) நம்பிக்கை மோசடி என்று குறிப்பிட்டு, நீங்களும் அந்த 14 பேரும் சேர்ந்து மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். எப்.ஐ.ஆர். போடாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாட வழி இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 17-ன்படி அது மத்திய அரசின் சொத்து. பணத் தகராறுக்காகப் பிடித்து வைக்க எந்த டிராவல்ஸுக்கும் உரிமை இல்லை. ஏழு நாளில் மூன்று பாஸ்போர்ட்டையும், 2,85,000 ரூபாயையும் தர வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அந்த 12,000-ஐத் தயவுசெய்து கட்டாதீர்கள். ‘அடுத்த பேட்சுக்குச் சம்மதம்’ என்று எந்தத் தாளிலும் கையெழுத்தும் வேண்டாம். நாளைக்கு அதைக் காட்டி, தேதி மாற்றத்துக்கு நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள்.

பணத்துக்கு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். டிராவல்ஸ் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரில் புகார் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற பேச்சுக்குச் சட்டத்திலேயே பதில் உண்டு: குறைபாடான சேவையை நிறுத்தி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது பிரிவு 2(47). அசல், வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கேளுங்கள். உங்களிடம் பணம் வாங்கிக் கொடுத்த தெருக்காரரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். சங்கடம்தான், தெரியும். ஆனால் கையில் கொடுத்த 85,000-க்கு ரசீது இல்லை என்கிறீர்கள். அவர் வாயால் ‘கிடைத்தது’ என்று சொன்ன வாட்ஸ்அப் ஆடியோதான் உங்கள் ரசீது. அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய அந்தக் கருவி வேண்டியிருக்கும்.

ஜமாஅத்தில் வைத்துப் பேசலாம் என்று பெரியவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பேசுங்கள், பல சமயம் பணம் அங்கேயே வந்துவிடுகிறது. ஆனால் நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம்தான் கெடு, பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது. பாதுகாப்பாக, முதல் புறப்பாடு தவறிய ஜனவரி 20 முதலே எண்ணிக்கொள்ளுங்கள். ஜமாஅத்தில் முடிவானால் தொகை, தேதி, காசோலை எண் போட்டு எழுதி வாங்குங்கள். மூன்று பாஸ்போர்ட்டும் அன்றைக்கே கைக்கு வந்துவிட வேண்டும்.