தோட்டத்தில் ஒரே கடை: விலை எப்படி வருகிறது?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கடைதான் இருக்கிறது. ஹட்டன் டவுனைவிடத் தேங்காய்க்குக் கூட எடுக்கிறார்கள். கேட்டால் கடை வாடகை கூடிவிட்டது என்கிறார்கள். போட்டி இல்லையென்றால் நினைத்த விலையைப் போடலாமா?

பதில்: முடியாது. விலை கூடினால் வாங்குவது குறையும். தனியுரிமையாளர், அதாவது போட்டியில்லாத ஒரே விற்பனையாளர், தேடுவது ஆகக் கூடிய விலையை அல்ல, ஆகக் கூடிய இலாபத்தை.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. தேங்காய் ஒன்று கடைக்கு வந்துசேர 100 ரூபாய் என்று வையுங்கள். 160 ரூபாய்க்கு விற்றால் நாளைக்கு 40 காய் போகும், 150க்கு 50, 140க்கு 60; இப்படி விலை பத்து ரூபாய் இறங்க இறங்கப் பத்துக் காய் கூடப் போகும். இலாபம் முறையே 2,400, 2,500, 2,400. ஆகவே அவர் 150இல் நிற்பார். 140க்கு இறக்கினால் மேலதிகமாகப் போகும் 10 காய்க்கு 1,400 ரூபாய் வரும். ஆனால் 150க்கே போயிருக்கக்கூடிய 50 காயிலும் பத்துப் பத்தாக 500 ரூபாய் குறையும். மிஞ்சுவது 900; அந்த 10 காயின் கொள்விலையோ 1,000. உயர்தர வகுப்பில் படிக்கும் எல்லை வருமானம் (கூட விற்பதால் மிஞ்சும் வருமானம், இங்கே 900), எல்லைச் செலவு (அதற்கு ஆகும் செலவு, இங்கே 1,000) என்பவை இவைதான்.

இதே ஊரில் நாலு கடை போட்டியிட்டால் விலை 100க்குக் கிட்ட வரும், 100 காய் போகும். நீங்கள் கூடக் கொடுக்கும் 50 ரூபாய் கடைக்காரர் கைக்காவது போகிறது; யாருக்குமே கிடைக்காமல் போகும் நட்டம், மலைக்கு ஏறாமலே போன மற்ற 50 காய்தான். 120 கொடுக்கத் தயாராக இருந்த வீட்டில் அன்று தேங்காய் இல்லை. இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

வாடகைக் கதையை ஏற்க வேண்டாம். 40 காய் விற்றாலும் 60 விற்றாலும் வாடகை ஒன்றே. இலாபம் குறையுமே தவிர, சிறந்த விலை 150தான். லொறிக் கூலி காய்க்கு 20 ரூபாய் கூடினால் கதை வேறு: இந்தக் கணக்கில் விலை 160 ஆகும், பாதிச் சுமை உங்கள் தலையில்.

கேள்வி: கட்டுப்பாட்டு விலை போட்டால் சாமான் மறைந்துவிடுமே?

பதில்: எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன கடைக்கு 120 என்று உச்சவிலை வைத்தால், பதுக்கி விலையேற்ற வழியில்லை. 80 காய் விற்பதே அவருக்கு இலாபம். 90 என்று வைத்தால் காய்க்குப் பத்து ரூபாய் நட்டம், இறக்கவே மாட்டார்.

கேள்வி: நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: ஒரே கடையாக இருப்பது குற்றமல்ல. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, பைக்கற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும், கையிருப்பு வைத்துக்கொண்டு இல்லை என்பதும் குற்றம். விலைப்பட்டியல் கண்ணில் படும்படி தொங்க வேண்டும்; பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டையும் பைக்கற்றையும் வைத்துக்கொண்டு அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டை நிரூபிப்பது கஷ்டம்.

தேங்காயில் அச்சிட்ட விலை இல்லை. அங்கே கடைக்காரரின் பலம் உங்கள் பஸ் காசுதான். டவுனில் காய் 110, போய்வர 200 என்றால், இரண்டு காய்க்காகப் போனால் ஒன்று 210 ஆகிவிடும். லயனில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாலு வீடு சேர்ந்து ஒருவரை அனுப்பி 20 காய் எடுத்தால் 120தான். மாவும் பருப்பும் அதே பயணத்தில் வந்தால் இன்னும் குறையும். மாதம் ஓரிரு தடவை செய்தாலே கடைக்காரர் கணக்கை மாற்றுவார், ஏனென்றால் 150இல் அவருக்கு இனி 50 காய் போகாது.

கடன் கொப்பியில் வாங்குகிறவர்களால் இப்படி விலக முடியாது, அவர்களிடம்தான் விலை ஏறுகிறது. காசுக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் போட்டதும் முதலில் அந்தக் கொப்பியைக் குறையுங்கள்.