தீவாளி ஸ்கீமுக்கு நகைய அடகு வைக்கலாமா?

கேள்வி: சார், மன்னார்குடி பக்கம் டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் கடை வச்சிருக்கேன். யாவாரம் ரொம்ப டல்லு, வர்றவங்க போன்ல ஆன்லைன் ரேட்ட காட்டிட்டு கெளம்பிடுறாங்க. டிஸ்ட்ரிபியூட்டர் தீவாளிக்கு 12 லட்சத்துக்கு சரக்கு எடுத்தா எக்ஸ்ட்ரா 3 பர்சென்ட் தர்றேங்கறார், கோவா டிரிப்பும் உண்டாம். வீட்டுல நகைய வச்சு எடுக்கவா? செலவ கொறைக்க பழைய சர்வீஸ் ஆள நிறுத்தலாமான்னும் யோசனை.

பதில்: தம்பி, நகை பீரோவுலயே இருக்கட்டும். 12 லட்சத்துக்கு 3 பர்சென்ட்னா 36,000 ரூபா, நகைக்கடன் மாசம் ஒரு வட்டின்னு வச்சாலே 12,000, சரக்கு மூணு மாசம் குடோன்ல தங்குனா ஸ்கீம் காசு பூரா வட்டிக்கே போச்சு. அதுக்கப்புறம் கைக்காசு. கோவாவ விடுங்க, அது யாரு காசுல போறதுன்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊர்ல தீவாளி யாவாரம் குறுவை நெல்லு அறுப்ப நம்பித்தான. அறுப்பு நேரத்துல மழை புடிச்சு ஈரப்பதம் 17 பர்சென்ட்டுக்கு மேல போயிடுச்சுன்னா டிபிசி, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையம், அது வாசல்ல நெல்லு குமிச்சு கெடக்கும், அக்கவுண்ட்ல பணம் ஏறாது, அந்த வீட்டுல துணிமணி எடுப்பாங்க, பட்டாசு வாங்குவாங்க, பிரிட்ஜ் பொங்கலுக்கு பாத்துக்கலாம்னுடுவாங்க. மந்தத்துல மொதல்ல தள்ளிப்போறது நம்ம சரக்குதான், பழசே ஓடுதேன்னு இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடலாம்ல.

குடோன்ல இருக்குறது தூங்குற சரக்கும் இல்ல, மதிப்பு எறங்கிட்டே இருக்கும். 2022 ஜூலைல கரண்ட் மிச்சத்துக்கு குடுக்குற ஏசி ஸ்டார் கணக்க மாத்துனப்ப அஞ்சு ஸ்டாரா இருந்தது நாலு ஸ்டார் ஆச்சு. 2025 செப்டம்பர் 22-ல ஏசிக்கும் 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவிக்கும் ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18-க்கு எறங்குச்சே, ஆகஸ்ட் 15 அறிவிப்பு வந்ததுமே ஜனங்க வாங்குறத நிறுத்திட்டாங்க, 28 கட்டி எடுத்து வச்சவங்களுக்கு அந்த வித்தியாசம் கையில காசா வராம ஜிஎஸ்டி கணக்குல வரவா, கிரெடிட் லெட்ஜர்லயே ஒக்காந்துருச்சு, வட்டி மட்டும் வெளிய ஓடுச்சு.

சர்வீஸ் ஆள் விஷயம், அவர நிறுத்தவே வேணாம். அமெரிக்கால சர்க்யூட் சிட்டின்னு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை, 2007-ல சம்பளம் சாஸ்தின்னு அனுபவப்பட்ட சேல்ஸ் ஆளுங்க 3,400 பேர அனுப்புனாங்க, 2008 மந்தத்துல சப்ளையருங்க கடன் தர யோசிச்சாங்க, நவம்பர்ல திவால், 2009 மார்ச்சோட கடையே மூடியாச்சு. ஆள அனுப்புனது மட்டுமே காரணம்னு நான் சொல்லல, ஆனா ஆன்லைன்ல ரேட்டு கொறைவா கெடைக்கும், டிரம் சுத்தலன்னு போன் அடிச்சா சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்து பெல்ட்ட மாத்திக் குடுக்குற ஆளு கெடைக்க மாட்டார். அவர வச்சே பழைய மெஷின் ரிப்பேர், ஸ்டெபிலைசர், ஏசி கழுவுறதுன்னு தள்ளுங்க, மந்தத்துல அதுதான் ஓடும்.

ஜீரோ பர்சென்ட் இஎம்ஐ போர்டு வச்சிருந்தா கணக்க ஒருதடவ பாருங்க, பைனான்ஸ்காரன் அந்த வட்டிய பெரும்பாலும் கம்பெனிகிட்டயோ உங்ககிட்டயோ புடிச்சிடுவான். எந்த மாடலுக்கு உங்க தலைல விழுதுன்னு கேட்டுட்டு அதுக்கு மட்டும் இஎம்ஐய நிறுத்திட்டு ரொக்கத்துக்கு வெலைய கொறைங்க.

தீவாளிக்கு மிக்சி, கிரைண்டர், 32 இஞ்ச் டிவி, போன வருஷம் வித்ததுல பாதி எடுங்க, தீந்தா தஞ்சாவூர்லேர்ந்து மறுநாளே வண்டில வரப்போவுது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின தை, மாசி கல்யாணத்துக்கு பாத்துக்கலாம், சீர் வாங்குறவங்க மந்தம்னு நிறுத்த மாட்டாங்க, குறுவைக்கு அடுத்த போகமான தாளடி நெல்லு பணமும் அப்பதான் கைக்கு வரும்.