போலீஸ் காகிதம் ஒன்று போதுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் இல்லங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர்களின் பின்னணியை விசாரிப்பது பற்றி கோயில் கமிட்டிகளும் பெற்றோரும் கேட்டவற்றில் சில இங்கே.

சாட்ஸ்வொர்த் வாசகர்: எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பில் யாருக்கும் சம்பளம் கிடையாது. தொண்டர்களையும் விசாரிக்கணுமா? "நம்ம ஆள்தானே" என்கிறது கமிட்டி.

விசாரிக்கத்தான் வேண்டும். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் சம்பளக்காரர், தொண்டர் என்று பிரிப்பதில்லை. "நம்ம ஆள்" என்ற பேச்சை நான் கேட்காத கமிட்டி இல்லை. விசாரணைப் படிவத்தைத் தலைவரே முதலில் நிரப்பட்டும். அப்புறம் யாருக்கும் முகம் சுண்டாது.

ஃபீனிக்ஸ் வாசகி: புது டான்ஸ் டீச்சர் போலீஸ் கிளியரன்ஸ் கொடுத்துவிட்டார். இன்னும் என்ன வேண்டும்?

இன்னும் இரண்டு வேண்டும், அக்கா. போலீஸ் காகிதம் நீதிமன்றத்தில் தண்டனை ஆனதை மட்டும் சொல்லும். அரசின் சமூக மேம்பாட்டுத் துறையிடம் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு இருக்கிறது. அதன் 'பி' பகுதியில், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர் என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கும். அந்தத் தீர்மானத்துக்கு ஜெயில் தண்டனை தேவையில்லை. குழந்தைகள் நீதிமன்றமும் எடுக்கலாம், சட்டப்படி நடக்கும் ஒழுங்கு விசாரணையிலும் எடுக்கலாம். மூன்றாவது, நீதித் துறை வைத்திருக்கும் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. விண்ணப்பித்தால் நீங்கள் கேட்கும் ஆளைப் பற்றிய சான்றிதழ் வரும்.

ஒருமுறை எங்கள் இல்லத்துக்கு ஒருவர் வந்தார். இனிமையான பேச்சு, போலீஸ் காகிதம் சுத்தம், மேட்ரன் சாவியைக் கையில் கொடுக்காத குறைதான். 'பி' பகுதிக்கு எழுதிக் கேட்டோம். பெயர் இருந்தது.

டொங்காட் ஆன்ட்டி: எனக்கு 63 வயது. முப்பது வருடம் கார்மென்ட் ஃபேக்டரியில் தைத்த கை. போலீஸ் கிளியரன்ஸுக்குப் போனால், ஸ்டேஷனில் ரேகை சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் பாலர் வகுப்புக்குச் சமைக்கத்தான் போகிறேன்.

இது உங்கள் தப்பு இல்லை, ஆன்ட்டி. துணியிலும் ஊசியிலும் தேய்ந்த விரல். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். போகிற அன்று மட்டும் எண்ணெய் வேண்டாம், மை ஒட்டாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். விரலை நீங்களாக அழுத்தாதீர்கள். தளரவிட்டால் அந்தப் போலீஸ்காரரே ஓரத்திலிருந்து ஓரம் வரை உருட்டி எடுப்பார். சமையல்தானே என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் போக முடிகிற யாருக்கும் இது உண்டு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: தமிழ்நாட்டிலிருந்து ஓதுவார் வந்திருக்கிறார். தேவாரம் சொல்லிக்கொடுப்பார். இங்கே தேடி என்ன பயன்?

நல்ல கேள்வி. இங்கே தேடுவதை விட்டுவிடாதீர்கள், ஆனால் நேற்று வந்தவரைப் பற்றி இங்குள்ள பதிவேடு என்ன சொல்லிவிடும்? இந்தியப் போலீஸ் சான்றிதழும் கேளுங்கள். விசாவுக்குக் கொடுத்த நகல் அவரிடமே இருக்கலாம். இந்தியாவில் முன்பு இருந்த கோயிலுக்கு ஒரு போனும் போடுங்கள். பல சமயம் காகிதத்தைவிட அந்த போன்தான் பேசும்.

ஒரு வாசகர்: என் பெயரிலேயே இன்னொருவர் குற்றவாளியாக இருந்தால்?

அடையாள எண்ணும் ரேகையும் பார்ப்பார்கள். பயம் வேண்டாம்.

வெருலம் வாசகி: முதியோர் இல்லத்துக்கு வண்டி ஓட்டுகிறவருக்கும் உண்டா?

உண்டு. பாலியல் குற்றவாளிகள் பதிவேடு முன்பு பிள்ளைகளுக்கும் மனவளர்ச்சி குன்றியோருக்கும் எதிரான குற்றங்களை மட்டும் பார்த்தது. 2021இல் திருத்தினார்கள், 31 ஜூலை 2022 முதல் நடப்பில் இருக்கிறது. இப்போது பராமரிப்பில் இருக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அதன் பாதுகாப்பில் வருகிறார்கள். 2006ஆம் ஆண்டு முதியோர் சட்டத்தின் கீழும் தனியாக ஒரு பதிவேடு உண்டு. இல்லங்கள் பல அதை மறந்துவிடுகின்றன.

ஒரு வாசகர்: பதில் வர நாளாகிறது. அதுவரை ஆளை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சட்டம் வேலைக்கு எடுப்பதற்கு முன்பே விசாரிக்கச் சொல்கிறது. அந்த வகுப்பை நீங்களே நடத்துங்கள், இல்லையென்றால் பதில் வரும்வரை லீவு விடுங்கள்.