ஒரே ஊர், ஒரே காவல் நிலையம், 510 எபிசோடுகள்: கேள்வி பதில்

1996இல் மெல்பர்னுக்குக் குடிவந்தபோது ஆஸ்திரேலியர்கள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் "ப்ளூ ஹீலர்ஸ் பார், காது பழகிவிடும்" என்றார். விக்டோரியா மாநிலத்தில் மவுண்ட் தாமஸ் என்ற கற்பனைச் சிற்றூர், அதில் ஒரு சிறிய காவல் நிலையம். இவ்வளவுதான் தொடரின் களம். காது பழகிய பிறகும் நான் அதை விடவில்லை. பிறகு இங்கிலாந்தின் "ஹார்ட்பீட்", இத்தாலியின் "தோன் மத்தேயோ" என்று தேடித் தேடிப் பார்த்தேன். சிற்றூர்க் காவலர் தொடர்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

ஆடு திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, வேலித் தகராறு. இதில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடம் பார்த்தீர்கள், அக்கா?

பெருநகரக் காவல் தொடர்களில் ஆள் கைதானதும் கதை முடிந்துவிடும். அவனை அந்த அதிகாரி மறுபடி பார்க்கப் போவதில்லை. சிற்றூரில் அப்படி முடியாது. செவ்வாய்க்கிழமை விலங்கு மாட்டிய பையனின் அம்மா புதன்கிழமை கடையில் பால் வாங்க வரிசையில் நிற்பாள். அவளுக்குப் பின்னால் அதே கான்ஸ்டபிள் நிற்க வேண்டும். என்ன பேசுவது? பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சுதானே.

மவுண்ட் தாமஸில் காவலர்கள் பணி முடிந்து போய் உட்காருவது இம்பீரியல் ஹோட்டலின் மதுக்கூடத்தில். அவர்கள் கண்டித்து அனுப்பியவர்களும் அங்கேதான் வருவார்கள். பாதிக் கதைகளில் "யார் செய்தது" என்பது ஊருக்கே தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கதை தொடங்கும். வழக்குப் பதிவு செய்வதா, அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதா? எதைச் செய்தாலும் யாருக்கோ மனம் கசக்கும். அந்தக் கசப்பு அடுத்த வாரமும் அதே தெருவில் எதிரே வரும். எனக்கு இந்தத் தொடர்களில் பிடித்தது இதுதான்: காவலர் தான் எடுத்த முடிவோடு அதே ஊரில் குடியிருக்க வேண்டும்.

"ப்ளூ ஹீலர்ஸ்" என்றால் என்ன?

ப்ளூ ஹீலர் என்பது ஆஸ்திரேலிய மாட்டு மந்தை நாய். மாட்டின் குதிகாலைக் கவ்விக் கவ்வி மந்தையை ஓட்டும். விக்டோரியா காவலரின் சீருடையும் நீலம். பெயர் வைத்தவர்களுக்கு ஊர்ப்புறம் தெரிந்திருக்கிறது.

அது உண்மையிலேயே அவ்வளவு பெரிய தொடரா?

1994இல் தொடங்கி 2006 வரை செவன் நெட்வொர்க்கில் ஓடியது. ஹால் மெக்கெல்ராயும் டோனி மார்ஃபெட்டும் உருவாக்கியது. மொத்தம் 510 எபிசோடுகள். இதே தொலைக்காட்சியில் 1964 முதல் 1977 வரை ஓடிய "ஹோமிசைட்" என்ற மெல்பர்ன் காவல் தொடரும் சரியாக 510. லிசா மெக்கியூன் "ப்ளூ ஹீலர்ஸ்" தொடரில் நடித்து 1997 முதல் 2000 வரை தொடர்ந்து 4 முறை தங்க லோகி விருது வாங்கினார். அங்கே தொலைக்காட்சிக் கலைஞருக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை. ஹியூ ஜாக்மன்கூட ஆளறியாத காலத்தில் இந்த ஊருக்கு ஒருமுறை வந்து போயிருக்கிறார்.

நான் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். எங்கள் பணியில் ஓர் ஊர் பழகுவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடும். அந்தத் தொடர்களில் அது இல்லையா?

ஐயா, நீங்கள் கேட்டது இந்தத் தொடர்களின் அச்சாணியைத்தான். ஆஸ்திரேலியாவில் காவல் துறை மாநிலத்துக்குரியது. நகரத்தில் பயிற்சி முடித்தவர்களை நாட்டுப்புற நிலையங்களுக்கு அனுப்புவார்கள், பிறகு திரும்ப அழைப்பார்கள். மவுண்ட் தாமஸ் நிலையத்திலும் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். முதல் எபிசோடே மேகி டாயில் என்ற இளம் பெண் கான்ஸ்டபிள் வந்து சேர்வதுதான். அவளுக்கு ஊர் புதிது, பார்க்கிற நமக்கும் புதிது. அவள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதை நாமும் தெரிந்துகொள்கிறோம். ஒரு நடிகர் விலகினால் மாறுதல் என்ற ஒரு வார்த்தை போதும், கதை தடம் புரளாது.

எல்லாரும் போய்க்கொண்டே இருந்தால் ஊர் ஏது? அதற்காகத்தான் சார்ஜெண்ட் டாம் க்ராய்டன். ஜான் வுட் முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடு வரை அந்தப் பாத்திரத்தில் இருந்தார். அவரைப் போலவே முழுக்க இருந்தவர் மதுக்கூடம் நடத்தும் கிறிஸ் ரைலியாக நடித்த ஜூலி நிஹில் ஒருவர்தான். ஒரு நிலையப் பொறுப்பாளர், ஒரு கடைக்காரப் பெண்மணி. இந்த இரண்டு தூண்களுக்கு நடுவில் மற்றவர்கள் வந்து போனார்கள். ஜான் வுட் பல வருடம் தங்க லோகிக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காமலே இருந்து, தொடர் முடிந்த 2006இல்தான் வாங்கினார். அன்று நான் அழுதேன்.

"ஹார்ட்பீட்"டில் இன்னும் அழகான ஏற்பாடு. அதில் கான்ஸ்டபிள் நிக் ரோவன் லண்டனிலிருந்து யார்க்‌ஷயர் கிராமத்துக்கு வருகிறான். பழைய இங்கிலாந்தில் கிராமக் காவலருக்குக் காவல் வீடு என்று ஒன்று கொடுப்பார்கள். குடியிருப்பும் அதுவே, அலுவலகமும் அதுவே. இரவு பன்னிரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் மனைவியும் எழுந்திருக்க வேண்டும். இந்தத் தொடருக்கு மூலமான கதைகளை எழுதிய நிக்கலஸ் ரியா, உண்மையில் பீட்டர் வாக்கர் என்ற வடக்கு யார்க்‌ஷயர் காவலர். அந்த வேலையைச் செய்தவர் எழுதியது என்பது சின்னச் சின்ன இடங்களில் தெரியும். நீங்கள் பார்த்தால் எனக்குத் தெரியாத பல நுட்பங்கள் உங்களுக்குப் புலப்படும். பார்த்துவிட்டு எனக்கு அவசியம் எழுதுங்கள்.

நீளமாக ஓடினால் அலுப்புத் தட்டாதா? 10 எபிசோடில் சொல்லக்கூடியதுதானே?

சொல்ல முடியாது. ஓர் உதாரணம் தருகிறேன். "ஹார்ட்பீட்"டில் டெரெக் ஃபோல்ட்ஸ் நடித்த சார்ஜெண்ட் ஆஸ்கர் பிளேக்டன் முதலில் எல்லாரும் நடுங்கும் மனிதர். தொப்பி ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் கத்துவார். சில வருடங்களில் உடல்நிலை காரணமாகப் பணியை விடுகிறார். ஊரை விட்டுப் போகாமல் தபால் அலுவலகக் கடை நடத்துகிறார், பிறகு அந்த ஊர் மதுக்கூடத்தையே எடுத்து நடத்துகிறார். இப்போது அவர் மேசைக்குப் பின்னால் நின்று, தான் ஒரு காலத்தில் விரட்டியவர்களுக்கு பீர் ஊற்றிக் கொடுக்கிறார். கண் மட்டும் பழைய கண். யார் பையில் என்ன இருக்கிறது என்று இன்னும் பார்க்கும்.

அவர் விரட்டியவர்களில் முதல் ஆள் கிளாட் கிரீன்கிராஸ். பழைய கோட்டும் ஆல்ஃபிரட் என்ற நாயுமாகத் திருட்டு வேட்டை, கள்ள வியாபாரம் என்று அலையும் கிழவன். பில் மேனார்ட் நடித்தது. இந்த இருவருக்கும் இடையில் இருந்ததைப் பகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவரில்லாமல் மற்றவருக்குப் பொழுது போகாது. அப்படி ஓர் உறவு 10 எபிசோடில் விளையாது. வருடக்கணக்கில் நாமும் கூட இருந்தால்தான் ஒரு பார்வையிலேயே முழுப் பழைய கதையும் நினைவுக்கு வரும்.

மேகி இறந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

2000இல் லிசா மெக்கியூன் விலகியபோது மேகி சுடப்பட்டு இறப்பதாகக் கதை அமைத்தார்கள். அவளுக்கும் துப்பறிவாளர் பி.ஜே. ஹாஷமுக்கும் இடையிலான நேசம் மெல்ல மெல்ல வளர்ந்ததை நாங்கள் வருடக்கணக்கில் பார்த்திருந்தோம். மறுநாள் நான் வேலை செய்த இடத்தில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. அதற்கு மேல் எழுத இன்னும் மனம் வரவில்லை.

காவலர்களை இவ்வளவு நல்லவர்களாகக் காட்டுவது வெறும் பிரசாரம் இல்லையா? நாம் அறிந்த காவல் நிலையங்கள் அப்படியா இருக்கின்றன?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு இந்தத் தொடர்களை ரசிப்பது நேர்மையாகாது. பிரிட்டனில் இதற்கு ஒரு வரலாறே உண்டு. 1955 முதல் 1976 வரை பிபிசியில் "டிக்சன் ஆஃப் டாக் கிரீன்" ஓடியது. அது லண்டன் கதை, என்றாலும் அதில் வரும் காவலர் ஊர்ப் பெரியவர் மாதிரி, எல்லாருக்கும் புத்தி சொல்லும் நல்லவர். காவலர் இப்படியா இருக்கிறார் என்ற எரிச்சலுக்கு விடைபோல 1962இல் "இசட் கார்ஸ்" வந்தது. லிவர்பூலுக்கு அருகே ஒரு புதுக் குடியிருப்பு நகரம். அங்குள்ள காவலர்கள் சூதாடுவார்கள், கோபப்படுவார்கள், வீட்டில் சண்டையிடுவார்கள். அதன் பிறகு யாரும் தூய வெள்ளைக் காவலரை முழு நம்பிக்கையோடு எழுத முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் வலிக்கிற விஷயம். பூர்வகுடி மக்கள் காவலில் இறப்பது பற்றி விசாரிக்க 1987இல் அரச ஆணையம் அமைத்தார்கள். 99 மரணங்களை ஆராய்ந்து 1991இல் அறிக்கை தந்தது. மூன்றே வருடத்தில் "ப்ளூ ஹீலர்ஸ்" தொடங்குகிறது. நாட்டுப்புறக் காவல் நிலையம் என்றதும் ஒரு குடும்பத்துக்கு டாம் க்ராய்டன் நினைவுக்கு வரலாம். இன்னொரு குடும்பத்துக்குத் திரும்பி வராத மகன் நினைவுக்கு வருவான். இரண்டாவது குடும்பத்தை மறந்துவிட்டு முதல் குடும்பத்தின் தொடரை நான் பாராட்டக் கூடாது.

பிறகு ஏன் பார்க்கிறேன்? ஒரு காவலர் எப்படி இருக்க வேண்டும் என்று மக்கள் ஏங்குகிறார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. பெயர் தெரிந்து அழைக்கும் காவலர், தவறு செய்தால் ஊர் முகத்தைப் பார்க்க வெட்கப்படும் காவலர். அந்த வெட்கம் இருக்கிற இடத்தில் லத்தி தயங்கும் என்று நான் நம்புகிறேன்.

"மிட்சமர் மர்டர்ஸ்" இந்த வகையில் சேராதா?

1997 முதல் ஓடுகிறது, அழகான கிராமங்கள், நல்ல நடிப்பு. ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அங்கே ஊர்க்காரர்கள் வாரம்தோறும் புதியவர்கள், கொலையாக வேண்டியே வருகிறார்கள். ஊர் என்ற உணர்வே தங்காது. அதோடு, 2011இல் அதன் தயாரிப்பாளர் வெள்ளையர் மட்டுமே இருப்பதுதான் தொடரின் வெற்றி என்ற பொருளில் பேட்டி கொடுத்து இடைநீக்கம் செய்யப்பட்டார். பழைய கிராமத்தின் மேல் உள்ள ஏக்கத்துக்குள் இப்படிப்பட்ட நஞ்சும் ஒளிந்திருக்கலாம் என்று அன்று புரிந்தது.

"ப்ளூ ஹீலர்ஸ்" ஏன் நின்றது? நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது?

2004இல் புதுமை செய்கிறோம் என்று காவல் நிலையத்தையே குண்டு வைத்துத் தகர்த்தார்கள். நிலையத்தில் வேலை செய்த ஜோ பாரிஷும் கிளான்சியும் அதில் இறந்தார்கள். அதன் பிறகு கதை இருண்டது, வாரம் ஒரு கதை என்ற அமைப்பு மாறி நீண்ட சதிக் கதைகள் வந்தன. அதே வருடம் ஓர் எபிசோடை நேரலையாகவே நடித்தும் காட்டினார்கள். துணிச்சல் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடு திருட்டுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. கூடவே பார்வையாளரும் குறைந்தார்கள். 2006இல் முடித்துவிட்டார்கள்.

"ஹார்ட்பீட்" வேறு மாதிரி நின்றது. 1992 முதல் 2010 வரை 372 எபிசோடுகள். 2009இல் தொலைக்காட்சிக்குப் பணத் தட்டுப்பாடு வந்தபோது படப்பிடிப்பை நிறுத்தினார்கள். எடுத்து வைத்திருந்தது தீரும் வரை ஒளிபரப்பினார்கள். கதை நடப்பது 1960களில். பதினெட்டு வருடம் ஓடியும் அந்த ஊரில் 1970 பிறக்கவே இல்லை. கதைக்குள் குழந்தைகள் வளர்ந்தார்கள், காவலர்கள் மாறினார்கள், நாள்காட்டி மட்டும் 1969லேயே நின்றது. இதை ஏமாற்று என்பவர்கள் உண்டு. எனக்கு அது, சில ஊர்களை நாம் மனத்தில் வைத்திருக்கும் விதம் போலவே தோன்றுகிறது.

என் அம்மாவுக்கு வயது 74, ஆங்கிலம் கொஞ்சம்தான் புரியும். எதில் தொடங்கலாம்?

"ஹார்ட்பீட்" முதல் பருவம். முகபாவத்திலேயே பாதி புரியும். நிக்கின் மனைவி டாக்டர் கேட் பின்னால் இரத்தப் புற்றுநோயில் இறந்துபோகிறாள். அதை முன்பே சொல்லி, அந்தப் பகுதி வரும்போது அம்மாவைத் தனியாக விடாதீர்கள். "தோன் மத்தேயோ" இன்னும் இலகுவானது: சைக்கிளில் சுற்றும் பாதிரியாரும் ஊர்க் காவலர்களும். முதலில் குப்பியோ, பிறகு ஸ்போலெட்டோ என்று உம்பிரியா மலையூர்களில் எடுத்தது. ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு லீட்ஸ் போகிறேன். "ஹார்ட்பீட்" கிராமத்தைப் பார்க்க முடியுமா?

தாராளமாகப் போகலாம். கிராமத்தின் பெயர் கோத்லண்ட், சில நூறு பேர் வாழும் இடம். பிக்கரிங் என்ற ஊரிலிருந்து நீராவி ரயில் போகிறது. இறங்கும் நிலையத்தைப் பார்த்தால் ஏற்கெனவே பார்த்தது போல இருக்கும். முதல் ஹாரி பாட்டர் படத்தில் மந்திரவாதிகளின் ரயில் வந்து நிற்பது அங்கேதான். தொடரில் மதுக்கூடமாக வந்த கோத்லண்ட் ஹோட்டலில் ஒரு தேநீர் குடியுங்கள். ஆடுகள் வேலியில்லாமல் தெருவில் திரியும், கையில் தின்பண்டம் இருந்தால் பின்னாலேயே வரும். மூர் எனப்படும் அந்தப் புதர் மேட்டு நிலத்துக் காற்று குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.