வாட்டர்லூ போர்க் கோட்டு: வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். பழைய ராணுவப் பொருட்கள் விற்கும் வியாபாரி ஒருவரின் இணையக் கடையில் சிவப்புக் கோட்டு ஒன்று இருக்கிறது. '1815 வாட்டர்லூ, ராயல் ஹார்ஸ் ஆர்ட்டிலரி, ஜி பேட்டரி அதிகாரி அணிந்தது' என்று போட்டிருக்கிறார்கள். பித்தளைப் பொத்தான்களில் 'யுபிக்வே' என்று பொறித்திருக்கிறது. விலை 1,800 பவுண்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விவரத்தில் நிறம், பொத்தான், பிரிவின் பெயர் மூன்றுமே இடிக்கின்றன.

முதலில் நிறம். பிரிட்டிஷ் ராணுவம் என்றதும் எல்லோருக்கும் சிவப்புதான் நினைவுக்கு வரும், விற்பவர்களும் அதை நம்பித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ராயல் ஹார்ஸ் ஆர்ட்டிலரி என்பது பீரங்கிப் படையின் குதிரைப் பிரிவு, அந்தப் பீரங்கிப் படை அன்று தரைப்படைத் தலைமையின் கீழ் இல்லை. ஆர்ட்னன்ஸ் போர்டு என்ற தனி அமைப்பின் கீழ் இருந்தது. 1855 வரை அப்படித்தான். அதன் உடை நீலம், கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் சிவப்பு. 1793-இல் தொடங்கிய குதிரைப் பீரங்கிப் பிரிவுக்கு இடுப்பளவு நீலச் சட்டை. மார்பின் குறுக்கே நெருக்கமாகக் கயிற்று வேலைப்பாடு, சிப்பாய்க்கு மஞ்சள், அதிகாரிக்குத் தங்க நிறம்.

சரி, கனரகக் குதிரைப்படையின் சிவப்புச் சட்டையாக இருக்குமோ என்றால், 1812-க்குப் பிறகு அந்தச் சிப்பாய்களின் சட்டை முன்பக்கம் கொக்கியால்தான் மாட்டப்பட்டது, பொத்தானால் அல்ல. நாளை இதே கடை நீலச் சட்டையைக் காட்டினாலும் உடனே நம்ப வேண்டாம். இலகு குதிரைப்படையும், அதில் ஒரு வகையான ஹுஸார்களும், ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் என்ற காவல் குதிரைப்படையும்கூட நீலம்தான் உடுத்தினார்கள்.

'யுபிக்வே' (லத்தீனில் 'எங்கும்') என்ற வாசகத்தைப் பீரங்கிப் படைக்கு மன்னர் நான்காம் வில்லியம் வழங்கியது 1830களின் தொடக்கத்தில். வாட்டர்லூ சட்டையில் அது வர வழியே இல்லை. 'பேட்டரி' என்ற பெயரும் குதிரைப் பீரங்கிப் பிரிவுகளுக்கு 1859-இல்தான் வந்தது. வாட்டர்லூவில் கேப்டன் மெர்சர் என்ற அதிகாரி நடத்தியது ஜி 'ட்ரூப்'. உள்தையலின் படத்தையும் கேட்டுப் பாருங்கள்: தையல் இயந்திரத்தின் தையலாக இருந்தால் 1850களுக்கு முன்னால் போகவே முடியாது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டால் பயப்பட வேண்டாம். வியாபாரியிடம் இணையத்தில் நேரடியாக வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். விவரத்துக்குப் பொருந்தாத பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்க 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு வங்கியும் பொறுப்பு. பொது ஏலத்தில் எடுத்தால் மட்டும் அந்த 14 நாள் உரிமை கிடைக்காது. விற்பனை விவரப் பக்கத்தை இப்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்லூ நினைவாக ஏதாவது வேண்டும் என்றால் என் தேர்வு வாட்டர்லூ பதக்கம். சிப்பாய் முதல் தளபதி வரை எல்லோருக்கும் கொடுத்த வெள்ளிப் பதக்கம் அது. விளிம்பில் பெற்றவர் பெயரும் பிரிவும் இருக்கும், பதக்கப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பெயரைச் சுரண்டி மாற்றியிருந்தால் மதிப்பு வெகுவாகக் குறையும் என்பதால், விளிம்பு முழுவதையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.