கல்கிசையில் நீந்துபவர் குளிர் ஏரியில் இறங்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணாவோடு சேர்ந்து ஜூன் மாதம் வட இங்கிலாந்தின் விண்டமியர் ஏரியில் ஒரு மைல் நீந்தி, மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி சேர்க்க எண்ணியிருக்கிறேன். கல்கிசைக் கடலில் ஒரு மைல் சுகமாக நீந்துவேன். இது போதாதா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தூரத்துக்குப் போதும், தண்ணீருக்குப் போதாது. கல்கிசைக் கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். விண்டமியர் ஜூனிலும் 15 பாகையை ஒட்டித்தான். அந்தத் தண்ணீர் தோலில் பட்டதும் நம்மைக் கேளாமலே வாய் திறந்து மூச்சை இழுக்கும். முகம் உள்ளே இருந்தால் தண்ணீரும் சேர்ந்து போகும். நல்ல நீச்சற்காரரும் முதல் நிமிடத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். குதிக்காதீர்கள். மெல்ல இறங்கி, மல்லாந்து மிதந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். திக்காமல் ஒரு வசனம் பேச முடிந்த பிறகு முகத்தை உள்ளே வையுங்கள்.

அடுத்தது கை. 10 முதல் 30 நிமிடத்துக்குள் விரல் விறைத்து அகன்று நிற்கும், கைவீச்சு குறுகும், கால் தாழும். ஒரு மைலுக்கு 40 நிமிடம் எடுப்பவருக்கு வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் இறப்பர் நீச்சலுடை) இல்லாமல் இது சரிவராது. 3 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்பில், உடம்போடு ஒட்டியதாக வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டைக் கொண்டுபோகும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கல்கிசையில் நீளமாகப் பழகாதீர்கள், வெக்கையில் மயக்கம் வரும். விடியற்காலையில் பத்து நிமிடம், கழுத்தில் எங்கே உரசுகிறது என்று பார்க்க மட்டும்.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று கடலைக் குழப்பிவிடும். கடற்பயிற்சியை ஏப்ரலுக்குள் முடித்து, பிறகு 50 மீற்றர் தடாகத்தில் 33 நீளம் போங்கள். மழை பெய்த மறுநாள் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய் வாய்களுக்குக் கிட்டவும் போகவேண்டாம். இருதய நோய், பிரஷர், ஆஸ்துமா இருந்தால் முதலில் டொக்டர்.

கேள்வி: கொழும்பில் குளிர் தண்ணீருக்கு எங்கே போவது?
- வாசகி, தெஹிவளை

பதில்: ஐஸ் போட்ட தொட்டிதான். கணக்கைப் பாருங்கள்: 200 லீற்றரை 28 பாகையிலிருந்து 15க்கு இறக்க 2,600 கிலோகலோரி வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 15 பாகைக்கு வர ஏறக்குறைய 95 எடுக்கும். ஆக 27 கிலோ. நம்மூர் வெக்கைக்கு 30 என்று வையுங்கள். பிரிட்ஜ் ஐஸ் காணாது, மீன்காரர் வாங்கும் கட்டி ஐஸ் வேண்டும். அதன் தண்ணீர் வாய்க்குள் போகக்கூடாது. நன்றாகக் கலக்கிவிட்டு வெப்பமானியால் அளவுங்கள். முதல் நாள் 22 பாகை, பிறகு படிப்படியாகக் கீழே. தடவைக்கு மூன்று நிமிடம். ஐந்தாறு தடவையிலேயே அந்த முதல் மூச்சுத் திணறல் பாதியளவுக்குக் குறையும். உடம்புச் சூடு குறைவதை இது தடுக்காது, அதை வெட்சூட்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இல்லாமல் தொட்டியில் இறங்காதீர்கள்.

கேள்வி: கரையேறியதும் சுடுதண்ணீரில் குளிக்கலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உடனே வேண்டாம். வெளியே வந்த பிறகும் 10 முதல் 30 நிமிடம் உள்ளுடம்புச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். சுடுதண்ணீர் தோலின் இரத்தக் குழாய்களை விரித்துவிடும்; பிரஷர் விழுந்து மயங்கலாம். ஈர உடுப்பைக் கழற்றித் துடைத்து, மேலுடம்பிலிருந்து அடுக்கடுக்காக உடுத்து, கம்பளித் தொப்பி போட்டு, இனிப்புப் பிளேன்டீயை மிடறு மிடறாகக் குடியுங்கள். சாராயம் கூடாது. நடுக்கம் நிற்கும்வரை வாகனம் ஓட்டாதீர்கள். நடுக்கம் நின்றும் பேச்சு குழறினால் அது நல்ல அறிகுறி அல்ல, அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அடுத்து ஆங்கிலக் கால்வாய்?
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: பொறுங்கள். அங்கே நேர்கோட்டிலேயே 33 கிலோமீற்றர், வெட்சூட்டுக்கு இடமில்லை, அதற்கு முன் 16 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய நம் ஆழிக்குமரன் ஆனந்தனே 1984இல் அந்தக் கால்வாயில்தான் உயிரை விட்டார்.

கேள்வி: பணம் எப்படிக் கேட்பது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: "மைலை முடித்தால் இவ்வளவு" என்று வாக்கு வாங்காதீர்கள். அப்படி வாங்கியவர் கை விறைத்த பிறகும் படகைக் கூப்பிடத் தயங்குவார். இறங்கினாலே பணம் என்று படிவத்தில் எழுதுங்கள். பிளேன் டிக்கெட் உங்கள் செலவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கேட்பதற்கு முன்பே. கொழும்பில் தருபவருக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. லண்டனில் வரி கட்டும் உறவுகள் அங்கே அங்கீகாரம் பெற்ற அறநிறுவனம் வழியாகக் கொடுத்தால், 'கிப்ட் எய்ட்' முறையில் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். அண்ணாவின் சொந்தக் கணக்கில் போட்டால் அது கிடைக்காது.